நாய்க்குட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் வயிற்றோட்டம்

கேள்வி: என் மகளுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். கோண்டாவிலில் இருக்கிறோம். மழை கொஞ்சம் விட்ட கையோடு இவர் ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தார். வந்து நாலாம் நாள் குட்டிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது, மலத்தில் வெள்ளைப் புழுவும் கண்டோம். இரண்டு நாள் கழித்து மகளுக்குச் சத்தி, பிறகு தண்ணீராகப் போனது. இலேசான காய்ச்சல், இரத்தம் இல்லை. மாமி முதலில் கண்ணூறு என்றார், பிறகு பல் முளைக்கிறது என்றார், இப்போது குட்டிதான் காரணம் என்று அதைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தந்த குளிசையில் மகளுக்குப் பாதியும் குட்டிக்குப் பாதியும் கொடுத்தோம். மகள் தேறிவிட்டாள். குட்டி இன்னும் சோர்ந்துதான் கிடக்கிறது. குட்டியிடமிருந்து தொற்றியதா? அதை வைத்திருக்கலாமா?

பதில்: குட்டியின் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்க முடியாதது. இதைப் படித்ததும் குட்டியை ஒரு பெட்டியில் வைத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நான் மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவன், குட்டிக்கு மருந்து எழுத மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று மாதக் குட்டி வயிற்றால் போய்ச் சோர்ந்து கிடந்தால் பார்வோ வைரஸ் இல்லை என்று யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். பார்வோ தடுப்பூசி போடாத குட்டிகளைத்தான் தேடிப் பிடிக்கும். சாப்பாட்டை வெறுக்கும், திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கும், பிறகு கெட்ட நாற்றத்தோடு இரத்தமாகப் போகும். ஓரிரு நாளிலேயே குட்டி போய்விடலாம். அந்த நாய்ப் பார்வோ உங்கள் மகளுக்குத் தொற்றாது. மனிதருக்கு வரும் பார்வோ வேறு வைரஸ்.

இனி உங்கள் கேள்வி. குட்டியிடமிருந்து மகளுக்குத் தொற்றியதா? பெரும்பாலும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக வருத்தம் வந்தால் முதலாமவர் கொடுத்தார், இரண்டாமவர் வாங்கினார் என்று மனம் தானாகவே கணக்குப் போடும். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இவை இரண்டும் வெவ்வேறு வயிற்றோட்டங்கள் போலவே தெரிகின்றன.

குட்டிக்குக் காரணங்கள் நிறையவே உண்டு. தாயை விட்டுப் பிரிந்த அதிர்ச்சி ஒன்று. சாப்பாடு ஒரே நாளில் மாறியது இன்னொன்று. வந்த அன்றே கிண்ணம் நிறைய ரின்பாலோ பால்மாவோ கரைத்து வைத்திருப்பீர்கள், எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்கிறார்கள். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கும் பெரும்பாலான பூனைகளுக்கும் பாலிலுள்ள லக்டோஸ் சர்க்கரை சமிக்காது, அப்படியே வயிற்றால் போய்விடும். மீன் முள்ளும் உறைப்புக் கறி மிச்சமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதற்கு மேல், நீங்களே கண்ட அந்த வெள்ளைப் புழு. நாயின் வட்டப்புழு தாயின் வயிற்றுக்குள்ளேயே குட்டிக்குப் போய்விடும், பாலிலும் போகும். அதனால்தான் குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருதரம் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். தெருவில் பிறந்த குட்டிக்கு அதை யார் கொடுத்திருப்பார்கள்?

மகளின் கதை வேறு. முதலில் சத்தி, பிறகு தண்ணீர் போன்ற மலம், இலேசான காய்ச்சல், இரத்தம் இல்லை, சில நாளில் தானாகத் தேறுதல்: இந்த வயதில் இப்படி வந்தால் அநேகமாக வைரஸ்தான். ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அவை பிள்ளையிலிருந்து பிள்ளைக்கு, கையிலிருந்து வாய்க்குப் போவன. தொற்றி மூன்று நாளுக்குள் வருத்தம் வெளியே தெரியும். அந்த மூன்று நாளில் மகள் எங்கே போனாள், யார் வீட்டுப் பிள்ளையோடு விளையாடினாள், யார் கையால் சாப்பிட்டாள் என்று யோசித்துப் பாருங்கள். குட்டியைப் பார்க்கவென்றே ஒழுங்கையிலுள்ள பிள்ளைகள் எல்லாம் உங்கள் முற்றத்துக்கு வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்!

குட்டி முழுச் சுத்தவாளி என்றும் நான் சொல்லவில்லை. கம்பிலோபக்டர் என்ற பக்டீரியா வயிற்றால் போகும் குட்டிகளிடமிருந்து சிறு பிள்ளைகளுக்கு உண்மையாகவே தொற்றும். அது தொற்றினால் பொதுவாக 2 முதல் 5 நாளில் காய்ச்சலும் நல்ல வயிற்றுவலியும் வரும், பல வேளைகளில் மலத்தில் இரத்தமும் இருக்கும். சல்மொனெல்லாவும் அப்படித்தான். ஆனால் இந்த இரண்டும் வீட்டுக்குள் வரும் முக்கிய வழி நாயல்ல, பச்சைக் கோழி இறைச்சி. கோழி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் வெட்டுவதை நிறுத்தினால் பாதி அலுவல் முடிந்தது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி நாய்க்கும் வரும், பிள்ளைக்கும் வரும். ஆனால் நாயில் வழமையாகக் காணும் வகைகள் வேறு, மனிதரில் காணும் வகைகள் வேறு. வயிற்றுளைவுக்குக் காரணமான ஷிகெல்லாவோ மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் வரும், அதற்கு நாயைக் குற்றம் சொல்லவே முடியாது.

மாமியின் மற்ற இரண்டு காரணங்களுக்கும் வருகிறேன். பல் முளைப்பதால் வயிற்றோட்டம் வராது. பல் முளைக்கும் வயதில் பிள்ளை கண்டதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கும், அதனால் வரும். கண்ணூறு கழிப்பதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை, ஒரு கையில் மிளகாய் இருந்தால் மறுகையில் ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனிப் பக்கற், இருக்கட்டும்.

நீங்கள் ஒரு வரிகூட எழுதாத ஒன்றைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிக்கிறேன்: உங்கள் கிணறு. வலிகாமத்தின் நிலம் சுண்ணக்கல். அதற்குள் வெடிப்பும் பொந்தும் நிறைய. புத்தூர் நிலாவரைக் கிணற்றை அடியில்லாத கிணறு என்று சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்களே, அதே கல்தான் உங்கள் வளவுக்குக் கீழேயும் இருக்கிறது. மணல் நிலத்தில் தண்ணீர் மெதுவாக வடிந்து ஓரளவுக்குச் சுத்தமாகும். சுண்ணக்கல் வெடிப்பில் அப்படி இல்லை, மலக்குழியில் விட்டது வடிபடாமலே கிணற்றுக்குப் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது குழிக்கும் கிணற்றுக்கும் இருக்கும் இடைவெளி இன்னும் குறைந்துவிடும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 30 மீற்றராவது இருக்க வேண்டும், வெடிப்புள்ள பாறையில் அதற்கும் மேலே என்பது பொதுவான நெறி. இரண்டு பரப்பு வளவில், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துக்கொண்டு, அதற்கு எங்கே போவது? அதனால்தான் இங்கே வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் எது வந்தாலும் நான் முதலில் கேட்பது கிணற்றைப் பற்றித்தான். கிணற்றைச் சுற்றிக் கட்டு உண்டா, வெள்ளம் உள்ளே போனதா, குட்டி கிணற்றடியில் மலம் கழிக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் தண்ணீரைச் சோதிப்பதற்கும் கிணற்றுக்குக் குளோரின் போடுவதற்கும் வழி சொல்வார்.

அதுவரை மகளுக்குக் கொதித்தாறிய நீர் மட்டும். கொப்பளித்துக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் கிருமிகளுக்குப் போதும். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர் கொடுத்துவிட்டுப் போத்தலையும் சூப்பியையும் பச்சைத் தண்ணீரில் கழுவினால் பிரயோசனம் இல்லை. இந்த வயதுக்குப் போத்தலே வேண்டாம், கோப்பையில் குடிக்கப் பழக்குங்கள். ஒன்றை இடையில் சொல்லிவைக்கிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு உதவும். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றைக் குறைக்காது. தோட்டக் காணிகளை ஒட்டிய கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆறு மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்கு அப்படிப்பட்ட தண்ணீரில் பால்மா கரைக்கக்கூடாது. தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

மகள் தேறியது நல்லது. குளிசையால் தேறியதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். வைரஸுக்கு அன்ரிபயோட்டிக் வேலை செய்யாது, அதுவே சில பிள்ளைகளுக்குப் புதிதாக வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும். அந்த அக்கா தந்தது வயிற்றைக் கட்டும் குளிசையாக இருந்தால் இன்னும் மோசம், சிறு பிள்ளைக்கு அது கூடவே கூடாது. குட்டிக்குக் கொடுத்த பாதியைப் பற்றியும் கால்நடை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் குளிசையின் உறையைக் கொண்டுபோங்கள். மனிதருக்குச் சாதாரணமாகத் தெரியும் மருந்து மிருகத்துக்கு நஞ்சாகலாம். பரசிற்றமோல் ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.

வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அல்ல, உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும்தான். ஆகவே மருந்து என்றால் ஜீவனி. அதையும் பிழையாகக் கரைக்கிற வீடுகளே கூட. பக்கற்றில் எத்தனை லீற்றர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கொதித்தாறிய நீரில் முழுப் பக்கற்றையும் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி ரம்ளரில் கலக்கினால் ஒருதரம் உப்புக் கூடும், ஒருதரம் குறையும். உப்புக் கூடிய ஜீவனி பிள்ளையின் மூளைக்கே ஆபத்து. கரைத்ததை 24 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தரம் வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள், இன்னும் மெதுவாக. நள்ளிரவில் பக்கற் கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு, ஜீவனிக்குப் பதிலாகாது. சோடாவும் பெட்டிகளில் வரும் பழச்சாறும் வேண்டாம், அவற்றிலுள்ள சீனி குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால் கொடுத்தால் வழமையைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். குழைந்த சோறும் பருப்பும், உப்புப் போட்ட கஞ்சி, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, பிள்ளை எதைக் கேட்கிறதோ அது. நாகம் அதாவது சிங்க் மருந்து ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் கொடுத்தால் வருத்தம் சீக்கிரம் விடும், கொஞ்ச மாதங்களுக்குத் திரும்ப வருவதும் குறையும். இதை வைத்தியரைக் கேட்டு எடுங்கள்.

இன்னொரு முறை வந்தால் எப்போது வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ஆறு மணிநேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், பிள்ளை எழுப்ப எழுப்பத் தூங்கினால், மலத்தில் இரத்தம் கண்டால், குடித்தது எதுவும் வயிற்றில் நிற்காவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் இந்த அறிகுறி எதற்கும் காத்திராமல் காட்டுங்கள்.

குட்டியைச் சந்தையில் விடுவது பற்றி. வேண்டாம். வருத்தமுள்ள குட்டியை அங்கே விட்டால் அது செத்துவிடும், சாகும் முன்பு மற்றக் குட்டிகளுக்கும் கொடுத்துவிட்டுப் போகும். வீட்டில் வைத்திருங்கள், ஆனால் வயிற்றோட்டம் நிற்கும்வரை மகளுக்கு எட்டாத இடத்தில், சமையலறைக்கும் கிணற்றடிக்கும் வெளியே. மலத்தை அன்றன்றே அள்ளிக் கிணற்றுக்குத் தூரமாகப் புதையுங்கள். இதில் சோம்பல் கூடாது, ஏனென்றால் நாயின் வட்டப்புழு முட்டை விழுந்த அன்றே தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதன் பிறகு மண் தின்கிற பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் புழு ஈரலுக்கும் சிலவேளை கண்ணுக்கும் போகும். வயிற்றோட்டத்தைவிட எனக்கு அதுதான் கவலை. குட்டியின் பூச்சி மருந்து முழுதாகக் கொடுத்து முடியும்வரை மகளை முற்றத்து மண்ணில் வெறுமனே விளையாட விடாதீர்கள். குட்டியைத் தொட்டவர்கள் எல்லாரும், நீங்களும் மாமியும் உட்பட, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், கைக்குப் பூசும் ஜெல் இதற்குப் போதாது.

கால்நடை வைத்தியர் பார்வோ என்று சொன்னால் குட்டி கிடந்த இடத்தைக் குளோரின் கரைசலால் கழுவுங்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும், தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அந்த வளவுக்குக் கொண்டுவரக்கூடாது. பார்வோ இல்லையென்றால் அன்றைக்கே தடுப்பூசி நாள்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விசர்நாய் ஊசியையும் சேர்த்துக் கேளுங்கள். வயிற்றால் போவது நின்று, பூச்சி மருந்தும் முடிந்த பிறகு குட்டியும் மகளும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாடலாம். முகத்தை நக்க மட்டும் விட வேண்டாம்.