கார்னெட் கேள்வி-பதில்: பளபளப்பை விடுங்கள், பிஸ்டனைப் பாருங்கள்

கார்னெட், டிரம்பெட், பியூகிள் ஆகிய பித்தளை ஊதுவாத்தியங்கள் பற்றி வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: புளி போட்டுத் தேய்த்த பிறகு பட்டன் சிக்குகிறதே, ஏன்? அதற்கான பதில் நடுவில், கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

தாத்தா சர்ச் பேண்டில் ஊதிய கார்னெட் நாற்பது வருஷமாகப் பெட்டியில் கிடந்தது. மூன்று பிஸ்டன்களும் (பட்டனை அழுத்தினால் குழாய்க்குள் இறங்கும் உருளைகள்) அசையவில்லை. தட்டி எடுக்கலாமா? (நாகர்கோவில்)

தட்டவே தட்டாதீர்கள். மேல்மூடி, கீழ்மூடி இரண்டையும் கழற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் சில சொட்டு விட்டு ஒரு நாள் அப்படியே வையுங்கள். மறுநாள் கீழேயிருந்து விரலால் மட்டும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு நாள். நான்கைந்து நாளிலும் அசையாவிட்டால் பேண்டு வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வெளியே வந்த பிஸ்டன்களை இடம் மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். அதனதன் குழாயில்தான் அது சரியாக உட்காரும்.

படம் அனுப்பியிருக்கிறேன். என்ன விலை போகும்?

ஊர் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, பிஸ்டனைக் கழற்றி எடுத்த படம் இல்லை. மணிவாயின் (விரிந்த முன்வாய்) படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் விலை சொல்ல முடியாது. மணிவாயில் பொறித்திருக்கும் எழுத்து, பிஸ்டன் குழாயில் உள்ள எண், மூன்று பிஸ்டன்கள், மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் துண்டு) செருகும் குழாய் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.

வாங்கும்முன் காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? (திருச்சி)

பிஸ்டனை அழுத்தாமல் அதன் ஸ்லைடை (உருவி எடுக்கக்கூடிய வளைகுழாய்) கொஞ்சம் வெளியே இழுங்கள். இரண்டு மூன்று விநாடி கழித்துப் பிஸ்டனை அழுத்துங்கள். ‘பொப்’ என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே வராவிட்டால் ஸ்லைடோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. எண்ணெய் போட்ட பிறகு சோதியுங்கள். உலர்ந்த பிஸ்டனில் செய்த சோதனைக்கு அர்த்தமில்லை.

குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. ஆனால் இப்போது பட்டன் பாதியில் நிற்கிறது. ஏன்? (தஞ்சாவூர்)

இந்தக் கடிதம் ஊர் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: புளியும் பித்தளை தேய்க்கும் பொடியும் விளக்குக்கும் குடத்துக்கும்தான், கார்னெட்டுக்கு இல்லை.

விளக்கு கனமான வார்ப்பு. நூறு வருஷம் தேய்த்தாலும் தாங்கும். கார்னெட்டின் மணிவாயோ அரை மில்லிமீட்டர் தகடு. பிஸ்டனுக்கும் அதன் குழாய்க்கும் நடுவே இருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளிக்குள் பொடியின் ஒரு துகள் போனால் போதும், ஒவ்வொரு அழுத்தலிலும் அது உலோகத்தை அறுக்கும். உங்கள் பட்டன் பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

புளியின் அமிலம் களிம்பை மட்டும் எடுப்பதில்லை. லேக்கர் (பித்தளை மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சு) பெயர்ந்த இடங்களின் ஓரத்தில் புகுந்து மீதி லேக்கரையும் கிளப்பிவிடும். பற்றவைத்த இணைப்புகளின் சந்தில் தங்கி, அலசிய பிறகும் அரிக்கும். தேய்க்கத் தேய்க்க மணிவாயில் பொறித்த பெயரும் ஊரும் மங்கிப்போகும். வாத்தியத்தின் வயதை அறிய அதுதான் முதல் ஆதாரம், அதையே அழித்துவிடுகிறோம். மங்கலான பித்தளை கெட்டுப்போன பித்தளை இல்லை. பழுப்பு நிறத்தால் நாதம் குறையாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பிஸ்டன்களை வெளியே எடுங்கள். ஸ்லைடுகளையும் உருவுங்கள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைச் சில சொட்டு கலந்து வாத்தியத்தை அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். கொதிநீர் கூடாது, லேக்கர் உரிந்துவிடும். வளையும் பிரஷை ஒவ்வொரு குழாயிலும் விட்டு எடுத்து, நன்றாக அலசுங்கள். பிஸ்டனை நூல் பிரியாத பருத்தித் துணியால் துடைத்து எண்ணெய் போடுங்கள். அதன் ஃபெல்ட் (மெத்தென்ற கம்பளி வளையம்) நனையக் கூடாது. அப்புறமும் சிக்கினால் உப்புத்தாளைத் தொடாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?

கூடாது. குளிரில் உறையும், நாளானால் பிசினாகும். பிஸ்டனுக்கென்றே விற்கும் வால்வ் ஆயிலைப் போடுங்கள். ஸ்லைடுக்கு கிரீஸ்.

பழைய இங்கிலாந்து கார்னெட் கீபோர்டோடு சேரவே மாட்டேன் என்கிறது. எப்போதும் சுருதி ஏறியே இருக்கிறது. ரிப்பேரா? (மதுரை)

ரிப்பேர் இல்லை. 1960-களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகளும் சால்வேஷன் ஆர்மி பேண்டுகளும் உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று நொடிக்கு 440 அதிர்வு என்று வைக்கும் சுரம் அவர்களுக்கு ஏறக்குறைய 452. அரைக் கட்டையில் கிட்டத்தட்டப் பாதி ஏற்றம். உங்களுடையது அந்தக் காலத்துக் கார்னெட்டாக இருக்க வேண்டும். சுருதி சரிசெய்யும் டியூனிங் ஸ்லைடை இரண்டு சென்டிமீட்டர் போல வெளியே இழுங்கள். பிஸ்டன் ஸ்லைடுகளையும் அதற்கேற்பக் கொஞ்சம் இழுக்க வேண்டும்; பலரும் இதை மறந்துவிட்டு வாத்தியத்தைக் குறை சொல்கிறார்கள். சேர்ந்துவிடும் என்பதற்காகக் குழாயை வெட்டி ஒட்டாதீர்கள்.

மவுத்பீஸ் சிக்கிக்கொண்டது. குறடு போட்டுத் திருகினேன், குழாய் முறுகிவிட்டது.

திருகுவதற்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: மவுத்பீஸ் இழுக்கும் கருவி பழுது பார்ப்பவரிடம் இருக்கும், சில நிமிட வேலை. குறடு வேண்டாம். உங்கள் குழாயை இனி மாற்றத்தான் வேண்டும்.

மவுத்பீஸ் குழாயில் இளஞ்சிவப்பாகப் புள்ளிகள். பாலிஷ் போட்டால் போகுமா? (மார்த்தாண்டம்)

போகாது. அது உள்ளிருந்து வெளியே வரும் அரிப்பு. எச்சிலும் உணவுத் துணுக்கும் தங்கிய இடத்தில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஓட்டை விழும்வரை ஊதலாம், விழுந்ததும் அந்தக் குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சர்க்கரை போட்ட டீ குடித்தோ வெற்றிலை போட்டோ ஊதினால் வாயை முதலில் கொப்பளியுங்கள்.

நாலாயிரம் ரூபாய்க்குப் பாக்கெட் டிரம்பெட் (குழாயை நெருக்கிச் சுருட்டிய சின்ன டிரம்பெட்) பார்த்தேன். பையன் கற்றுக்கொள்ள ஆகுமா?

நம் நாட்டில் பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்பெற்ற இடம் உத்தரப் பிரதேசத்து மீரட்டின் ஜலி கோட்டி. அங்கே நல்ல வேலைப்பாடும் உண்டு. ஆனால் இந்த விலைக்கு வருபவற்றில் பல அலமாரி அலங்காரம்தான். மேலே சொன்ன ‘பொப்’ சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள், தோற்றால் வாங்காதீர்கள். பையனுக்குச் சாதாரண கார்னெட்டே போதும்; இரண்டின் குழாய் நீளமும் ஒன்றுதான், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பியூகிளுக்கும் எண்ணெய் போடணுமா? (பள்ளி என்.சி.சி. மாணவர்)

பிஸ்டனே இல்லை, எண்ணெய் வேண்டாம். ஊதி முடித்ததும் உள்ளே இருக்கும் எச்சிலைக் கவிழ்த்து வடியுங்கள். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் அலசி, முழுக்கக் காயவைத்த பிறகே உறையில் போடுங்கள். புளி வேண்டாம்.