மகள் புவியியல் படிக்கட்டும், மோர்கேஜைக் கூட்ட வேண்டாம்

கேள்வி: என் மகள் இங்கிலாந்திலேயே பிறந்தவள், இப்போது ஏ லெவல் கடைசி வருஷம். பல்கலைக்கழகத்தில் புவியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். "அதைப் படித்து டீச்சராகத்தான் போகலாம், அறுபதாயிரம் பவுண் கடனோடு வந்து என்ன செய்வாய், ஃபார்மசியோ அக்கவுண்டிங்கோ படி" என்கிறார் அவளுடைய அப்பா. கடனே வேண்டாம், வீட்டு மோர்கேஜைக் கூட்டி எடுத்து ஃபீஸைக் கட்டுவோம் என்றும் யோசிக்கிறார். என்ன செய்வது அக்கா?
- ஹரோவிலிருந்து ஒரு தாய்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மோர்கேஜ் யோசனையை நிறுத்துங்கள், மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம்.

அவர் சொல்கிற அறுபதாயிரம் பொய்யில்லை. 2025-26 கணக்கில் ஃபீஸ் வருஷத்துக்கு 9,535 பவுண். லண்டனுக்கு வெளியே தங்கிப் படித்தால் வாழ்க்கைச் செலவுக் கடன் ஆகக் கூடினது 10,544. இரண்டையும் மூன்று வருஷத்துக்குப் பெருக்கினால் அவருடைய கணக்குத்தான் வரும். ஆனால் அரசாங்கம் கொடுக்கிற இந்தக் கடன் வங்கியில் எடுக்கிற கடன் மாதிரி இல்லை. 2023 ஓகஸ்டிலிருந்து படிக்கத் தொடங்கியவர்களுக்கு 'பிளான் 5' என்கிற திருப்பிக் கட்டும் முறை: சம்பளம் வருஷத்துக்கு 25,000 தாண்டினால், தாண்டின தொகையில் மட்டும் 9 சதவீதம், அதுவும் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். முப்பதாயிரம் உழைத்தால் மாதம் 37 பவுண் 50 பென்ஸ், முப்பத்தையாயிரம் உழைத்தால் 75 பவுண். வேலை போனால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. கடன் இருபதாயிரமாக இருந்தாலும் அறுபதாயிரமாக இருந்தாலும் மாதம் பிடிக்கிற காசு ஒன்றுதான், எத்தனை வருஷம் பிடிப்பார்கள் என்பதுதான் மாறும். வட்டி விலைவாசி ஏற்றத்தோடு நிற்கும். வீட்டை வைத்து எடுக்கிற காசுக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை, அவளுக்கு வேலை இல்லாவிட்டாலும் நீங்கள் மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும்.

கையில் காசு இருந்தால் அதை வேறொன்றுக்கு வைத்திருங்கள். வீட்டு வருமானம் 25,000 தாண்டத் தாண்ட அந்த வாழ்க்கைச் செலவுக் கடனைக் குறைத்துக்கொண்டே போவார்கள், குறைகிறதை அம்மா அப்பா போட வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், முதல் மாத அறை வாடகை வரும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

இதில் எனக்குக் கோபமும் உண்டு, மறைக்கவில்லை. கட்டி முடியாத மிச்சக் கடன் முன்பு முப்பது வருஷத்தில் தள்ளுபடியானது, இப்போது அதை நாற்பதாக்கிவிட்டார்கள். நடுத்தரச் சம்பளக்காரப் பிள்ளைகள் அறுபது வயது வரைக்கும் கட்டப்போகிறார்கள். ஒரு பிள்ளை வீடு வாங்கப் போகும்போது அந்த மாதப் பிடிப்பையும் வங்கி கணக்கில் எடுக்கும். அதனால் 'சும்மா எதையாவது படிக்கட்டும்' என்று நான் சொல்லமாட்டேன். நிதிக் கற்கைகள் நிறுவனம் 2020இல் பார்த்த கணக்கில், பட்டதாரிகளில் ஐந்தில் ஒருவர் பல்கலைக்கழகம் போகாமல் இருந்திருந்தால் காசளவில் நன்றாக இருந்திருப்பார்.

சரி, புவியியல் எங்கே நிற்கிறது? மருத்துவம், பொருளியல் மாதிரி உச்சியில் இல்லை, ஓவியம், நாடகம் போன்ற கலைப் பாடங்கள் மாதிரி அடியிலும் இல்லை. நடுவில் நிற்கிற இப்படியான பாடத்தில், எங்கே படிக்கிறாள், என்ன கைத்திறனோடு வெளியே வருகிறாள் என்பதுதான் சம்பளத்தைத் தீர்மானிக்கும். ஜிஐஎஸ் என்கிற கணினி வரைபட வேலை, கொஞ்சம் பைதான் என்கிற கணினி மொழி, புள்ளிவிவரம் தெரிந்த பிள்ளையை அரசாங்க வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வே, சுற்றுச்சூழல் முகமை, கவுன்சில் திட்டமிடல் பிரிவு என்று பல இடங்களில் எடுப்பார்கள். லண்டன் காப்புறுதிக் கம்பனிகளுக்கு வெள்ள ஆபத்தைக் கணக்குப் போட ஆள் வேண்டும். அந்த வரைபட வேலைக்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், அவள் இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.

அப்பாவுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆக அக்கவுண்டிங் பட்டம் கட்டாயமில்லை, புவியியல் படித்தவர்களையும் கம்பனிகள் எடுத்துப் பயிற்சி கொடுக்கின்றன. ஃபார்மசி நாலு வருஷம், கடனும் ஒரு வருஷம் கூட. அப்புறம், டீச்சர் வேலையை அவர் ஏன் இவ்வளவு இளக்காரமாகப் பார்க்கிறார்? 2025 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே தொடக்கச் சம்பளம் 32,916 பவுண், கடனுக்குப் போவது மாதம் 59 பவுண் அளவில். ஊரில் நமக்குப் படிப்பித்த ஆசிரியர்களை இன்றைக்கும் எழுந்து நின்று கும்பிடுகிறோம், நம் பிள்ளை அந்த வேலைக்குப் போனால் மட்டும் என்ன குறைச்சல்?

மகளிடமும் ஒரு வேலை சொல்லுங்கள். 'டிஸ்கவர் யூனி' தளத்தில் ஒரே பாடத்துக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் படித்து முடித்தவர்கள் என்ன உழைக்கிறார்கள் என்று இருக்கிறது. அவள் யூகாஸ் என்கிற பல்கலைக்கழக விண்ணப்பத்தில் போட நினைக்கிற ஐந்து இடங்களையும் அதில் எடுத்து, அப்பாவோடு ஒரு மேசையில் இருந்து பார்க்கட்டும். நடுவில் ஒரு வருஷம் சம்பளத்தோடு வேலைக்கு அனுப்புகிற கோர்ஸ் இருந்தால் அதை முதலில் பாருங்கள், அந்த வருஷ ஃபீஸ் முழு ஃபீஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. ஓப்பன் டேக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், போன வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி வேலை கிடைத்தது, எந்த இடங்களில் என்று கேட்கச் சொல்லுங்கள். அப்பாவும் கூடப் போகட்டும்.