"எனக்கு ஒன்றும் வராது" என்கிறாள் மகள்

கேள்வி: மகளுக்கு 13 வயது, தரம் 8. சின்னதில் ஓடித் திரிந்த பிள்ளை. இப்போது விளையாட்டுப் பாடம் உள்ள நாளென்றால் வயிற்றுவலி. வலைப்பந்து விளையாடும்போது பந்தைத் தவறவிட்டு, பிள்ளைகள் சிரித்தார்களாம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. கேட்டால், "எனக்கு ஒன்றும் வராது அம்மா" என்கிறாள். சோம்பலா, விட்டமின் குறைவா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சோம்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள் அம்மா. விட்டமின் குளிசையும் இப்போதைக்கு வேண்டாம். "வராது" என்கிறாளே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளை பந்தைக் கோட்டைவிட்டுக்கொண்டே "நான்தான் கெட்டிக்காரன்" என்று சொல்லும். எட்டு வயது தாண்டினால் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிடும். பதின்மூன்றில் அந்த ஒப்பீடு மனதில் ஆழமாகப் பதிந்துவிடும். வராது என்று தோன்றினால் ஒதுங்குவாள், ஒதுங்கினால் பழக்கம் விட்டுப்போகும், அப்புறம் உண்மையிலேயே வராது. அதோடு இந்த வயதில் கைகால் மளமளவென்று நீள்வதால் சில மாதங்கள் தடுமாற்றமும் இருக்கலாம்.

அவுஸ்திரேலியாவில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளைப் பல வருடம் கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள். சிறுவயதில் பந்தை எறியவும் பிடிக்கவும் உதைக்கவும் நன்றாகத் தெரிந்தவர்கள் பதின்ம வயதில் கூடுதலாக ஓடியாடினார்கள். "எனக்கு விளையாட வரும்" என்ற நினைப்புத்தான் இரண்டுக்கும் பாலமாக இருந்தது.

அதனால் "நீ நன்றாகத்தானே விளையாடுகிறாய்" என்று வெறுமனே புகழாதீர்கள். பொய் என்று அவளுக்குத் தெரியும். பந்தைப் பிடிக்கவே சொல்லிக்கொடுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில், தொடர்மாடியின் மொட்டைமாடியில், அப்பாவோ அண்ணாவோ பத்து நிமிடம் போதும். முதலில் பெரிய, மெத்தென்ற பந்து, கிட்ட நின்று. கை பழகிய பிறகு தள்ளி நின்று, டென்னிஸ் பந்து. ஞாயிறு காலையில் காலிமுகத்திடலுக்கும் கூட்டிப் போகலாம், அந்த நேரத்து டியூஷனை விட்டால் குடிமுழுகிவிடாது. பரதம், நீச்சல் பிடித்தால் அதுவும் கணக்குத்தான்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மிதமான அல்லது அதைவிடத் தீவிரமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் பாடசாலை செல்லும் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அதை எட்டவில்லை, பெண்பிள்ளைகள் இன்னும் பின்னால். உங்கள் மகள் தனியாள் இல்லை.

ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: அந்த வயிற்றுவலி மாதவிடாய் நாட்களிலா? வெள்ளைச் சீருடையில் கறை படும் பயமும் மைதானத்தைத் தவிர்க்க வைக்கும். மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, மயக்கம், மூட்டு வீக்கம் இருந்தாலோ, சின்னதிலிருந்தே பொத்தான் போடவும் எழுதவும் சிரமப்பட்டிருந்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள். கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பார்வை மங்கலாக இருந்தால் பந்து கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.