வாசகர் கேள்வி: ஷாட்கன் அடுத்த தோட்டாவை ஏற்ற மறுத்தால்

கேள்வி: என்னிடம் இருப்பது கேஸில் (தோட்டா வெடிக்கும்போது வரும் வாயுவில்) இயங்கும் 12 போர் செமி ஆட்டோமேட்டிக், ரெமிங்டன் 1100. களிமண் தட்டுச் சுடுதலுக்கான லேசான தோட்டா போட்டால் வெற்றுக் கூடு வெளியேறும் வாயிலிலேயே மாட்டிக்கொள்கிறது. கனமான தோட்டா போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. எதை மாற்றுவது?

பதில்: உடனே எதையும் மாற்ற வேண்டாம். கூடு சேம்பரை (தோட்டா அமரும் அறையை) விட்டு வெளியே வந்துவிட்டதென்றால், அதை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. சேம்பரை மூடித் திறக்கும் போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்னச் சோதனை: சுடுதளத்தில் ஒரே ஒரு தோட்டா மட்டும் ஏற்றிச் சுடுங்கள். மேகசின் காலியானதும் போல்ட் பின்னாலேயே நிற்க வேண்டும். நிற்காமல் மூடிக்கொண்டால் தள்ளும் விசை போதவில்லை என்று அர்த்தம். கனமான தோட்டா கூடுதல் கேஸைத் தந்து அந்தக் குறையை மறைத்துவிடுகிறது.

இந்த மாடலில் முதல் சந்தேகம், மேகசின் குழாயின் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் ஓ-ரிங் மீது விழ வேண்டும். பேரலின் வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவே கேஸ் கசியாமல் அடைப்பது அதுதான். தட்டையாகி, விறைத்து, வெடிப்பு விட்டிருந்தால் கேஸ் முன்பக்கமாக ஓடிவிடும். பிஸ்டனைத் தள்ள மிச்சம் இருக்காது. புதிதாகப் போடுவது வைட்டான் ரப்பராக இருக்கட்டும். குழாய்ப் பொருத்தலுக்கு விற்கும் சாதாரண நைட்ரைல் வளையமும் அளவு பொருந்தினால் ஓடும். ஆனால் சூட்டில் சீக்கிரம் கெட்டியாகிவிடும். மாட்டும்போது குழாய் முனையின் மரை வளையத்தைக் கீறிவிடும். விரலில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவி, உருட்டியபடி தாண்ட வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் புது வளையமும் அன்றே போச்சு.

ஓ-ரிங் நன்றாக இருந்தால் அடுத்தது கரி. பேரலின் அடிப்பக்கத்தில், வளையத்துக்குள் திறக்கும் கேஸ் துளைகளைப் பாருங்கள். கரைப்பானில் நனைத்த பைப் கிளீனரோ மரக்குச்சியோ போதும். ட்ரில் பிட்டை உள்ளே விடவே கூடாது. துளை கொஞ்சம் பெரிதானாலும் போல்ட், தான் ஓடும் உறையான ரிசீவரின் பின்சுவரில் வேகமாக மோதத் தொடங்கும். பிறகு உடைவது விலை கூடிய பாகங்கள். பிஸ்டனையும் அதன் சீல் வளையத்தையும் கழற்றும் முன் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரிவான விளிம்பு திரும்பிவிட்டால் கசிவு மறுபடி வரும். இரும்பு பாகங்களை இரவு முழுக்கக் கரைப்பானில் ஊறவைத்து, நாலு பூஜ்ய (0000, மிக மெல்லிய) ஸ்டீல் உல்லால் தேயுங்கள். ஓ-ரிங்கை மட்டும் அதில் போடாதீர்கள்.

கேள்வி: கேஸ் பகுதிக்கு நிறைய எண்ணெய் விட்டால் கரி பிடிக்காதல்லவா?

பதில்: நேர்மாறு. எண்ணெய் சூட்டில் வெந்து கரியோடு சேர்ந்து தார் போல் ஒட்டிக்கொள்ளும். "பழுது" என்று கொண்டுவரப்படும் துப்பாக்கிகளில் கணிசமானவற்றுக்கு வியாதியே அதிக எண்ணெய்தான். மேகசின் குழாயின் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தொட்டால் வழுவழுப்புத் தெரிய வேண்டும், விரலில் ஈரம் தெரியக்கூடாது. ரிசீவருக்குள் போல்ட் ஓடும் தடங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) ஓடும் துளைக்கு எண்ணெயே வேண்டாம்.

கேள்வி: கூடு சேம்பரிலேயே நின்றுவிடுகிறது. எக்ஸ்ட்ராக்டரை நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் பழி அதன் மேல்தானா என்று முதலில் பாருங்கள். விலை மலிந்த தோட்டாக்களில் அடிப்பாகம் பித்தளையாக இல்லாமல் இரும்பாக இருக்கும். பித்தளை விரிந்து உடனே சுருங்கும். இரும்பு அந்த அளவு சுருங்காமல் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதோடு உள்ளே பிளாஸ்டிக் படிவும் துருவும் இருந்தால் எந்தக் கொக்கியும் இழுக்காது. 12 போர் சேம்பருக்கென்று வரும் தடித்த வெண்கல பிரஷைக் கரைப்பானில் நனைத்து, கம்பியில் பூட்டி, முன்னும் பின்னும் தள்ளாமல் சுழற்றுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கடைசியில் எண்ணெய் ஈரமில்லாமல் விடுங்கள். மணல்தாள் வேண்டாம்.

அதற்குப் பிறகும் மாட்டினால் போல்டை வெளியே எடுத்து, டம்மி (மருந்தில்லாத) தோட்டா ஒன்றின் விளிம்பைக் கொக்கிக்குள் செருகிப் பாருங்கள். மெல்ல ஆட்டினாலும் விழாமல் நிற்க வேண்டும். நழுவினால் கொக்கியின் முனை மழுங்கியிருக்கிறது, இல்லையேல் ஸ்பிரிங் களைத்திருக்கிறது. சில நேரம் ஸ்பிரிங்குக்கு அடியில் அடைந்த கரிதான் கொக்கியை முழுதாக மூடவிடாமல் தடுக்கும். அதனால் கழற்றியதும் அந்தக் குழியைச் சுத்தம் செய்து இன்னொருமுறை சோதியுங்கள்.

1100 வகையில் எக்ஸ்ட்ராக்டருக்குப் பின்னால், அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு சிறு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் இருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பிளஞ்சரைப் பின்னே அழுத்தினால் கொக்கி சாய்ந்து வந்துவிடும்; கூடவே பிளஞ்சர் அறை முழுக்கப் பறக்கும். போல்டையும் இரண்டு கைகளையும் ஒரு பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். கொக்கி, பிளஞ்சர், ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கியை அரம் போட்டுக் கூராக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: போல்ட் சோம்பலாக மூடுகிறது. வெளியே எங்கும் அழுக்கு இல்லை.

பதில்: அழுக்கு பின்கட்டைக்குள் (தோளில் ஊன்றும் கட்டைக்குள்) இருக்கும். பல மாடல்களில் போல்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங் கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. யாரும் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. மழையில் நனைந்த துப்பாக்கியில் நீர் அங்கே இறங்கித் துரு ஏற்றும். ரிசீவரில் ஊற்றும் எண்ணெயும் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் அங்கேதான் வடியும். ரப்பர் பட்டையைக் கழற்றி, நீளமான சாக்கெட்டோ ஸ்க்ரூடிரைவரோ விட்டு, கட்டையை எடுக்க வேண்டும். குழாயின் முனையைத் திறக்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், முகத்தை நேரே வைக்காதீர்கள். துருவைத் துடைத்து, ஸ்பிரிங்கைப் புதியதோடு பக்கத்தில் வைத்து நீளம் ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், இழுத்து நீட்டினால் ஒரு வாரம்தான் தாங்கும்.

திரும்பப் பூட்டும்போது பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. போல்டின் அடியில் தொங்கும் லிங்க்கின் பின்முனை, ஸ்பிரிங் குழாயின் வாயிலுள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் போல்டைப் பின்னே இழுக்க முடியாது. பலவந்தமாக இழுத்தால் லிங்க் வளையும். துப்பாக்கியைக் கவிழ்த்து, ட்ரிகர் தொகுதி இருந்த திறப்பு வழியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: என்னுடையது பெனெல்லி, கேஸ் இல்லாதது. சில நேரம் ட்ரிகரை அழுத்தினால் 'க்ளிக்' என்ற சத்தம் மட்டும்.

பதில்: போல்ட் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளவில்லை. பின்னடிப்பு விசையில் இயங்கும் இந்த வகையில், சத்தம் வரக்கூடாதென்று போல்டைக் கையால் மெதுவாக மூடினாலோ, போல்டின் பிடி எங்காவது லேசாகத் தட்டப்பட்டாலோ இது நடக்கும். போல்டைத் தானாக ஓடி மூட விடுங்கள். பிறகு பிடியின் பின்னே ஒருமுறை தட்டிப் பாருங்கள். அப்படியும் வந்தால் போல்ட் தலை திரும்பும் பாதையில் பிசுக்கு இருக்கிறது. பிரித்துக் கழுவி, மிக லேசாக எண்ணெய் தொடுங்கள்.

எந்த வகையாயினும் சுடாமல் போனால் குழலை இலக்குப் பக்கமே பிடித்து முப்பது விநாடி காத்திருந்துதான் திறக்க வேண்டும். தோட்டாவின் பிரைமரில் (அடி நடுவில் குத்துப்படும் மூடியில்) லேசான குழி மட்டும் இருந்தால், ஃபயரிங் பின் துளையில் பிசுக்கு, ஃபயரிங் பின்னின் முனை உடைவு, சுத்தியல் ஸ்பிரிங் என்ற வரிசையில் பாருங்கள். ஃபயரிங் பின் முன்னால் நீட்டிக்கொண்டு திரும்பாமல் இருந்தால் அந்தத் துப்பாக்கியில் தோட்டா ஏற்றவே கூடாது. போல்ட் மூடும்போதே வெடிக்கலாம்.

கேள்வி: தாத்தாவின் பழைய பிரவுனிங் ஆட்டோ-5. உள்ளே ஸ்பிரிங்கோடு சில வளையங்கள். எப்படி அடுக்குவது?

பதில்: அதில் பேரலே பின்னால் ஓடும், வளையங்கள்தான் பிரேக். லேசான தோட்டாவுக்குச் சரிவுள்ள இரும்பு வளையம் ஸ்பிரிங்குக்குப் பின்னால், ரிசீவரை ஒட்டி. வெண்கல உராய்வுத் துண்டு ஸ்பிரிங்கின் முன்னால். கனமான தோட்டாவுக்கு இரும்பு வளையத்தை எடுத்து, ஸ்பிரிங்குக்கும் வெண்கலத் துண்டுக்கும் நடுவே, சரிவு வெண்கலத்தைப் பார்க்கும்படி போடுங்கள். லேசான அடுக்கில் கனமான தோட்டா சுடுவதுதான் முன்கட்டை வெடிப்பதற்கு வழக்கமான காரணம். மேகசின் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும். கொழகொழவென்று விட்டால் பிரேக் பிடிக்காது.

கேள்வி: ட்ரிகர் தொகுதியைப் பிரிக்கலாமா? எதைக் கையில் வைத்திருப்பது?

பதில்: இரண்டு பின்களைத் தட்டித் தொகுதியாக வெளியே எடுக்கலாம், தெளிப்புக் கரைப்பானால் கழுவலாம், காய்ந்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம். சுத்தியல் கொக்கியிடும் முகங்களைத் தொடுவதும் உள்ளே ஸ்பிரிங் மாற்றுவதும் உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் வேலை. வெளியே எடுத்த தொகுதியில் சுத்தியலை வெறுமனே அடிக்கவிடாதீர்கள். தடுக்க எதுவும் இல்லாததால் உறை உடையும்.

பெட்டியில் இரண்டு ஓ-ரிங், எக்ஸ்ட்ராக்டர் மூவர் அணி, ஃபயரிங் பின்னும் அதன் ஸ்பிரிங்கும், ஒரு போல்ட் ஸ்பிரிங் இருந்தால் போதும். இவற்றைத் தொடும் எந்த நாளும் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சேம்பரையும் மேகசின் வாயையும் கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் விரல் விட்டும் பாருங்கள். மேகசினுக்குள் சிக்கிய ஒரு தோட்டா கண்ணில் படாது.