டீக்கடைக்கு வந்த 'அரசு வைஃபை' அழைப்பு

கேள்வி: செய்யூர் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். 'பிரதமர் வைஃபை திட்டத்தில் உங்கள் கடை தேர்வாகியிருக்கிறது. மாதம் பதினைந்தாயிரம் வாடகை வரும். பதிவுக் கட்டணத்தை மட்டும் இப்போதே ஜிபே செய்யுங்கள்' என்று போன் வந்தது. வாட்ஸ்அப்பில் சிங்க முத்திரை போட்ட கடிதமும் அனுப்பினார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் பிடித்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

திட்டம் நிஜம்தான், கடிதம்தான் பொய். பி.எம்.வாணி என்ற அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. பழைய எஸ்.டி.டி. பூத் நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே ஏற்பாடு. கடைக்காரர் ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கி, இதற்கென்று உள்ள ரூட்டரை மாட்டி, சின்னச் சின்ன வைஃபை கூப்பன்களாக விற்கலாம். கடைக்காரருக்கு உரிமமும் வேண்டாம், அரசிடம் பதிவும் வேண்டாம், அதற்கான கட்டணமும் கிடையாது. அவருக்குப் பின்னால் கணக்கு வழக்கைப் பார்க்கும் ஒருங்கிணைப்பு நிறுவனம்தான் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஆகவே 'பதிவுக் கட்டணம்' என்று கேட்டவுடனேயே சாயம் வெளுத்துவிட்டது. வாடகை என்ற பேச்சும் இந்தத் திட்டத்தில் இல்லை. கூப்பன் விற்றால் காசு, விற்காவிட்டால் இல்லை.

நிஜமாகவே வைக்கலாமா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். பொது வைஃபை என்றதும் பெரிய விலை கேட்பது இணைப்பு நிறுவனங்களின் வழக்கமாக இருந்தது. 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு வரம்பு கட்டியது: 200 எம்.பி.பி.எஸ். வேகம் வரையிலான வீட்டு ஃபைபர் திட்டங்களை இந்தக் கடைகளுக்கும் தர வேண்டும், விலை வீட்டுக்கு வாங்குவதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. வீட்டுக்கு 500 ரூபாய் திட்டம் என்றால் உங்களுக்கு அதிகபட்சம் 1,000. அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,180. பத்து ரூபாய் கூப்பனாக விற்றால் மாதம் 118 போக வேண்டும், அதாவது நாளைக்கு நான்கு. அதுவும் முதலைத் தேற்றத்தான்; ஒருங்கிணைப்பு நிறுவனத்தின் பங்கும், ரூட்டர் விலையும், கரண்ட்டும் தனி.

விடுதி, ஆஸ்பத்திரி வாசல், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் இடம் பக்கத்தில் இருந்தால் ஓடும். வருகிறவர்கள் எல்லாம் தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவர்கள் என்றால் ஓடாது. ஒரு வாரம் உங்கள் பெஞ்சில் உட்காருகிறவர்களிடம் 'டேட்டா எத்தனை மணிக்குத் தீருகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். சாயங்காலமே தீர்ந்துவிடுகிறது என்று நாலைந்து பேர் சொன்னால் யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. வீட்டுக்கு எப்போது வரும்? அரசே இலவசமாகத் தருமா?

பதில்: மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் முதல் வேலையே ஊராட்சி வரை கேபிளைக் கொண்டுவருவதுதான். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் அதைச் செய்கிறது. அங்கிருந்து உங்கள் வாசல் வரை யாராவது இழுத்துத் தர வேண்டும், நீங்கள் மாதச் சந்தா கட்ட வேண்டும். ஊராட்சி வரை கேபிள் போடும் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை ஒரு நிதியில் கட்டுகின்றன. இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நிறுவனத்தின் வருவாய் என்பது நம் ரீசார்ஜ்தானே. ஆக, 'இலவசமா' என்று கூச்சத்தோடு கேட்க வேண்டியதில்லை, கொஞ்சம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள்.

பி.எஸ்.என்.எல். அலுவலகத்திலும் ஊர் கேபிள்காரரிடமும் விசாரியுங்கள். மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: சொல்லும் விலையில் ஜி.எஸ்.டி. அடங்குமா, ரூட்டருக்குக் கட்டும் டெபாசிட் திரும்ப வருமா, கடைசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஒயர் யார் செலவு. நம் ஊரில் சண்டை வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒயரில்தான்.

கேள்வி: ரேஷன் அட்டை உள்ளவர்களுக்கு மத்திய அரசு மூன்று மாத ரீசார்ஜ் இலவசம் என்று ஒரு லிங்க் சுற்றுகிறதே?

பதில்: பொய். இதே மாதிரிச் செய்திகளை மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மைச் சரிபார்ப்புப் பிரிவு பலமுறை மறுத்திருக்கிறது. கேரளத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு கே-ஃபோன் என்ற மாநில அரசின் இணைய வலையமைப்பு வழியாக இலவச இணைப்பு உண்டு, 2023 ஜூனில் தொடங்கினார்கள். அது வீட்டுக்கு வரும் கேபிள், அந்த மாநிலத்துக்கு மட்டும். லிங்க்கைத் தட்டிவிட்டீர்களா? ஓ.டி.பி. ஏதும் கொடுத்திருந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள், அந்த லிங்க் வழியாக ஏதாவது ஆப் இறங்கியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.