பழைய சின்ன லேத்: ஸ்பிண்டில் பேரிங் பிரீலோட் கேள்வி பதில்

லேத்தில் வேலைத்துண்டைச் சுழற்றுகிற தண்டுதான் ஸ்பிண்டில். அதைத் தாங்கும் பேரிங்குகளை ஆட்டம் போன பிறகும் துளி அழுத்தி வைப்பதுதான் பிரீலோட். தொடங்குமுன் ஒன்று. பெல்ட் கழன்றிருக்க வேண்டும், பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம்) விலகியிருக்க வேண்டும், பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். அட்ஜஸ்ட் செய்யும்போது "ஸ்பிண்டிலைச் சுற்றுங்கள்" என்று நான் சொல்கிற இடத்திலெல்லாம் கையால் சுற்றுவது என்று பொருள்.

கேள்வி: ஸ்பிண்டில் முனையில் வேலைத்துண்டைக் கவ்வும் சக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. பிறகு எதற்கு பிரீலோட்?

கைக்குத் தெரியாத ஆட்டம் டூலுக்குத் தெரியும். சரி, நிஜமாகவே ஆட்டம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பேரிங்கின் ரோலர்கள் ரேஸை (அவை ஓடுகிற வளையத்தை) வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கின்றன. டூல் வெட்டத் தொடங்கியதும் ஒரு பக்கத்து ரோலர்கள்தான் சுமையை வாங்கும், எதிர்ப்பக்கம் சும்மா கிடக்கும். எல்லா ரோலர்களையும் முன்கூட்டியே துளி அழுத்தி வைத்துவிட்டால் வட்டம் முழுக்க வேலை செய்யும், ஸ்பிண்டில் விறைப்பாக நிற்கும். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்குகளை இழுத்துக் கட்டிவைக்கிற அதே சங்கதி.

ஆட்டம் பூஜ்யமாகும் வரை இறுக்குவது அட்ஜஸ்ட்மென்ட். பூஜ்யத்தைத் தாண்டிப் போகிற அந்தத் துளிதான் பிரீலோட். துளி குறைந்தால் வேலைத்துண்டில் அலை அலையாகக் கோடு விழும். கூடினால் பேரிங் சூடேறி, ஆயுள் குறையும்.

கேள்வி: மேனுவல் இல்லை. இரண்டு பக்கமும் டேப்பர் ரோலர் (கூம்பு வடிவ ரோலர் பேரிங்), பின்னால் ஸ்பிண்டில் மேலே நட். எங்கிருந்து தொடங்குவது?

ஸ்பேனரை எடுக்குமுன் அளந்து பாருங்கள். சக்கைக் கழற்றுங்கள். டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) காந்த அடியை ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டி) வார்ப்பிலேயே ஒட்டுங்கள். லேத்தின் அடித்தளமான பெட்டில் ஒட்டினால் ஹெட்ஸ்டாக்கின் அசைவும் அளவில் சேர்ந்துவிடும். கேஜின் தொடுமுனை ஸ்பிண்டில் மூக்கின் (சக் மாட்டுகிற முனையின்) மேல் இருக்கட்டும். ஸ்பிண்டில் துளைக்குள் ஒரு மரக்கட்டையையோ பித்தளைக் கம்பியையோ செருகி, மேலே நெம்பிக் கையை விடுங்கள். பிறகு கீழே அழுத்திக் கையை விடுங்கள். விட்டதும் முள் தானாகத் திரும்பி வருகிற தூரம் இரும்பின் நெளிவு. திரும்பாமல் நின்றுவிடுகிற தூரம்தான் ஆட்டம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி, நெளிவைக் குறைக்கப் பேரிங்கை இறுக்கி இறுக்கிக் கெடுத்தவர்கள் நிறைய பேர். அடுத்து தொடுமுனையை ஸ்பிண்டிலின் முகப்பில் வைத்து, நீளவாக்கில் தள்ளியும் இழுத்தும் பாருங்கள்.

அளந்தாயிற்றா? பெல்ட்டை மாட்டி நடுத்தர வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, சூடு ஆறுமுன் வேலையைத் தொடங்குங்கள். லாக் ஸ்குரூவைத் தளர்த்தி, நீளவாக்கு ஆட்டம் டயலில் தெளிவாகத் தெரியும் வரை நட்டைத் தளர்த்துங்கள். இனி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம், ஸ்பிண்டிலை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டே. சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் விளிம்பில் போய் ஒழுங்காக உட்காராது. இறுகிவிட்டது போலத் தோன்றும், பத்து நிமிடம் ஓடியதும் ஆட்டம் திரும்பி வந்து நிற்கும்.

டயலில் ஆட்டம் பூஜ்யமான இடத்தில் நட்டுக்கும் ஸ்பிண்டிலுக்கும் குறுக்கே ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். இப்போது கணக்கு. நட்டின் மரை பிட்ச் 1.5 மி.மீ., வெளிவிட்டம் 50 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 157 மி.மீ. விளிம்பில் 1 மி.மீ. நகர்த்தினால் நட் முன்னே போவது 0.01 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு. நான் முதலில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் நகர்த்துவேன். கோட்டைப் போட்டுவிட்டால் கண்ணாலேயே பார்த்துச் செய்யலாம்.

பிறகு லாக் ஸ்குரூவை இறுக்கி, திரும்ப அளக்க வேண்டும். இறுக்கும்போது மரையிலுள்ள இடைவெளி நட்டை அசைத்துவிடும். மூன்று தடவை செய்தால்தான் சரியாக அமையும், அதற்காக அலுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக மெதுவான வேகம், நடு வேகம், உச்ச வேகம் என்று ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் ஓட்டி, ஹெட்ஸ்டாக்கில் பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகி அதே சூட்டில் நின்றால் நல்லது. கை வைக்க முடியாத அளவுக்கு ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டுத் தளர்த்துங்கள்.

நட்டைத் திருப்ப சி ஸ்பேனர் (நட்டின் பள்ளத்தில் கொக்கி போல மாட்டும் ஸ்பேனர்) வேண்டும். உளியும் சுத்தியலும் வேண்டாம். ஒவ்வொரு தட்டும் ரோலர் வழியாக ரேஸில் ஒரு பள்ளமாக இறங்கும்.

கேள்வி: என் மேனுவலில் பூஜ்யத்துக்குப் பிறகு 1/16 சுற்று என்று இருக்கிறது. உங்கள் கணக்கைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறதே?

மேனுவல் இருந்தால் மேனுவல்தான். அந்த மெஷினின் நட், காலர், ஸ்பேசர் எல்லாம் எவ்வளவு அமுங்கும் என்று பார்த்துச் சொன்ன அளவு அது. அதை வேறு மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: என்னுடையது புஷ் டைப் (ரோலர் இல்லாத உலோகக் குழல் பேரிங்). மூடி இரண்டாகப் பிளந்து, போல்ட்டும் ஷிம்மும் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இருக்கிறது. இதற்கு எவ்வளவு பிரீலோட் வைக்கலாம்?

வைக்கவே கூடாது. புஷ்ஷில் ஸ்பிண்டில் உலோகத்தின் மேல் ஓடுவதில்லை, ஆயில் படலத்தின் மேல் ஓடுகிறது. அந்தப் படலத்துக்கு இடம் வேண்டும். சின்ன லேத்துகளில் அது 0.02 மி.மீ. அக்கம்பக்கம் இருக்கும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் லேத்தில் ஒயிட் மெட்டல் பேரிங், அதாவது மென்மையான உலோகக் கலவையாலான புஷ். டேப்பர் ரோலரைப் பற்றி எங்கோ படித்ததை வைத்து, ஷிம்மை ஒவ்வொரு ஏடாக உரித்து ஆட்டத்தைச் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். கையால் சுற்றும்போது பட்டு போல இருந்தது. மோட்டாரைப் போட்டு இருபது நிமிடத்தில் கருகிய ஆயில் வாடை. மூடியைத் திறந்தால் மெட்டல் வெண்ணெய் போல இழுபட்டுக் கிடந்தது. ஐசக் பாபிட் 1839-இல் கொண்டுவந்த இந்த மெட்டல் ஸ்பிண்டிலைக் காப்பாற்றத் தான் அழிந்துபோகும். அன்றைக்கு அதுதான் நடந்தது.

அதனால் உங்களிடம் இருப்பது என்ன பேரிங் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். மைஃபோர்டு எம்எல்7-இல் ஒயிட் மெட்டல். அதே மைஃபோர்டின் சூப்பர் 7-இல் முன்னால் டேப்பர் வெண்கல புஷ், பின்னால் ஆங்குலர் கான்டாக்ட் (சாய்வாகச் சுமை தாங்கும்) பால் பேரிங் ஜோடி. அதில் பிரீலோட் பின்னால் மட்டும்தான், முன்னால் ஆயில் இடைவெளி. ஷிம்களைக் கழற்றினால் எது எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதிவையுங்கள்.

கேள்வி: மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது முனகுகிறது. கெபாசிட்டரா?

மோட்டார் தெரிந்தவரைக் கேளுங்கள். பெல்ட்டைக் கழற்றியும் முனகினால் ஸ்பிண்டில் மேல் குற்றமில்லை.

கேள்வி: எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒரு நம்பர் சொல்லுங்களேன்.

எல்லா லேத்துக்கும் பொருந்துகிற நம்பர் கிடையாது. வேண்டுமானால் உங்கள் லேத்துக்கு நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளலாம். புல்லியில் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். ஒரே சீராகச் சுழலும்போது தராசு காட்டும் விசையைப் புல்லியின் ஆரத்தால் பெருக்கினால் இழுவை முறுக்கு. பூஜ்ய ஆட்டத்தில் ஒரு தடவை, பிரீலோட் வைத்தபின் ஒரு தடவை அளந்து சுவரில் எழுதிவையுங்கள். அடுத்த தடவை தேடவேண்டியிருக்காது.

கேள்வி: சூட்டில் வைக்கச் சொல்கிறீர்கள். இரும்பு சூடானால் விரியும், விரிந்தால் பேரிங் இறுகும். குளிர்ந்திருக்கும்போது தளர்வாக வைப்பதுதான் முறை.

இன்னொருவர்: தப்பு. ஸ்பிண்டில் நீண்டால் நட் பின்னால் போகும், பேரிங் தளரும்.

இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். ஸ்பிண்டில் மேலே நட் இருக்கிற வகையில் ரோலர்களின் சிறிய முனைகள் ஒன்றையொன்று பார்த்திருக்கும். ஹெட்ஸ்டாக்கைவிட ஸ்பிண்டில் 10 டிகிரி கூடுதல் சூடு, பேரிங்குகளுக்கு நடுவே 200 மி.மீ. என்று வைப்போம். இரும்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். நீளத்தில் 0.024 மி.மீ. கூடுகிறது, அவ்வளவும் தளர்வு. அதே நேரம் ஸ்பிண்டில் பருக்கிறது. 50 மி.மீ. விட்டத்துக்கு ஆரத்தில் 0.003 மி.மீ. பார்க்க ஒன்றுமில்லை போல இருக்கிறதா? ரேஸின் சாய்வு 14 டிகிரி என்றால் இது நீளவாக்கில் நான்கு மடங்காகும். இரண்டு பேரிங்குக்கும் சேர்த்து 0.024 மி.மீ. இறுக்கம்.

எண்களை வசதிக்காக முழுதாக்கியிருக்கிறேன், ஆனாலும் சங்கதி உண்மை. இந்த அளவு லேத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடும். ஸ்பிண்டில் குட்டையானால் இறுக்கம் ஜெயிக்கும், நீளமானால் தளர்வு ஜெயிக்கும். எது ஜெயிக்கும் என்று உட்கார்ந்து வாதாடுவதற்குப் பதிலாக, ஓடுகிற சூட்டிலேயே வைத்துவிடுங்கள் என்கிறேன்.

கேள்வி (சூட்டைப் பற்றி முதலில் கேட்டவரே): கணக்கெல்லாம் சரி. என் லேத் ஒவ்வொரு நாளும் இறுகுகிறது. காலையில் விரலால் சுழலும், அரை மணியில் இரண்டு கையும் வேண்டும்.

உங்கள் லேத்தில் திருகுவது எதை? ஸ்பிண்டில் மேலுள்ள நட்டையா, வார்ப்புக்குள் இருக்கும் மரை வளையத்தையா? பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 6206 பால் பேரிங்கைக் கழற்றிவிட்டு 30206 டேப்பர் போடலாமா?

துளை 30, வெளிவிட்டம் 62, இரண்டும் ஒன்றுதான். அகலத்தில்தான் சிக்கல்: 6206 16 மி.மீ., 30206 17.25 மி.மீ. ஒவ்வொரு பேரிங்குக்கும் 1.25 மி.மீ. எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்யாமல் கழற்றாதீர்கள். 7206 ஆங்குலர் கான்டாக்ட் அதே 16 மி.மீ.தான். அதிவேகத்தில் சூடும் குறைவு. நான் அதைத்தான் போடுவேன்.

கேள்வி: பார்ட்டிங் (டூலால் துண்டித்து எடுப்பது) செய்யும்போது டடடடவென்று அதிர்கிறது. பேரிங்தானே?

பத்தில் எட்டு தடவை இல்லை. டூல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, சென்டர் உயரம் சரியா, டூலைத் தாங்கும் கம்பவுண்ட் ஸ்லைடின் ஜிப் (ஆட்டத்தை எடுக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறதா, சக்கிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டுகிறீர்கள்? இவற்றை முடித்துவிட்டு டயல் கேஜை எடுங்கள்.

கேள்வி: கிரீஸா ஆயிலா?

ரோலருக்கு மேனுவல் சொல்வது. புஷ்ஷுக்கு ஆயில் மட்டும். திரியுள்ள புஷ்ஷில் கிரீஸ் அடைத்தால் திரி செத்தது, பின்னாலேயே புஷ்ஷும்.

கேள்வி: எவ்வளவு இறுக்க வேண்டும்?

மேலே இருக்கிறது.

கேள்வி: டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கலாமா? எவ்வளவு?

மேலே இருக்கிறது. டார்க் ரெஞ்ச் நட் மரையின் உராய்வைத்தான் காட்டும், ரோலரின் அழுத்தத்தைக் காட்டாது. சுற்றிக்கொண்டே இறுக்கச் சொன்னதையாவது படித்தீர்களா?

கேள்வி (சூட்டுக்காரர்): பார்த்தேன். ஸ்பிண்டிலில் நட் இல்லை. ஹெட்ஸ்டாக் பின்பக்கம் ஒரு மரை வளையம் வெளி ரேஸைத் தள்ளுகிறது.

அப்படியானால் உங்கள் லேத்துக்கு நீங்கள் சொன்னதுதான் சரி. வெளி ரேஸைத் தள்ளுகிற வகையில் பேரிங்குகள் திசை மாறி உட்கார்ந்திருக்கும், ரோலர்களின் பெரிய முனைகள் ஒன்றையொன்று பார்க்கும். அங்கே ஸ்பிண்டில் நீண்டாலும் இறுகும், பருத்தாலும் இறுகும். நான் சொன்ன சமன்பாடு அங்கே செல்லாது. நீங்கள் வழக்கமாக ஓட்டுகிற உச்ச வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, அந்தச் சூட்டிலேயே ஆட்டத்தைப் பூஜ்யமாக்கி, அதற்கு மேல் துளிதான் வையுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது டயலில் கொஞ்சம் ஆட்டம் காட்டலாம், அதை இறுக்கப் போகாதீர்கள். முதல் அரை மணிக்கு ஃபினிஷ் கட் (கடைசி நுண்வெட்டு) வேண்டாம்.

கேள்வி: நட் அசையவே மாட்டேன் என்கிறது. உளி வைத்து ஒரே ஒரு தட்டு தட்டலாமா?

உளியைக் கீழே வையுங்கள். நட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும், அழுக்கு அடைத்து மூடியிருக்கும். ஊசியால் குத்திப் பாருங்கள், உள்ளே கிரப் ஸ்குரூ (தலையில்லாத சின்னத் திருகு) இருக்கிறதா? அதைத் தளர்த்திவிட்டு வாருங்கள்.