திரை என்னும் பொய்ச்சொல்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளை, “ஓட்டினால் கன்னித்திரை கிழிந்துவிடும்” என்று சொல்லி, என் மாமியார் இரண்டு மாதமாகப் பூட்டி வைத்திருக்கிறார். இது உண்மையா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு நெடுநாள் பகையான சொல் ஒன்று இருக்கிறது. ‘கன்னித்திரை’ என்று எழுதி அனுப்பும் மருத்துவக் கட்டுரையாளர்களோடு பல ஆண்டுகளாகச் சண்டையிட்டு வருகிறேன். திரை என்றதும், நெல்லையப்பர் கோயிலில் அலங்காரத்தின்போது சன்னதியை மறைத்து இழுத்துவிடும் துணிதான் நம் நினைவுக்கு வருகிறது. பெண்ணுடலிலும் அப்படி ஒன்று வழியை அடைத்து நிற்பதாகவும், முதலிரவில் அது கிழிந்து இரத்தம் வந்தே தீரும் என்றும் நம்பிவிடுகிறோம். உண்மையில் அது யோனி வாயின் விளிம்பை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு மடிப்பு. சிலருக்கு வளையமாகவும் சிலருக்குப் பிறை வடிவிலும் இருக்கும். சிலருக்குப் பெயரளவில்தான் இருக்கும். பருவ வயதில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அதை நெகிழ வைப்பதால், முதல் உறவில் பலருக்கு இரத்தமே வருவதில்லை. அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சுவீடனில் ஒரு பாலியல் கல்வி அமைப்பு 2009இல் பழைய சொல்லைக் கைவிட்டு, ‘யோனி வளையம்’ என்று பொருள்படும் புதுச் சொல்லை முன்வைத்தது. நம்மாலும் முடியும்.

சைக்கிள் சீட் படும் இடம் வேறு. இந்தச் சவ்வு அதற்கும் உள்ளே, மடிப்புகளுக்கு நடுவே இருக்கிறது. பெண்ணுக்குப் பரிந்து பேசுகிறவர்கள்கூட, “சைக்கிள் ஓட்டியதில் கிழிந்திருக்கும்” என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானமும் வேண்டாம் என்பேன், ஏனென்றால் அது அந்தச் சவ்வைச் சாட்சிக் கூண்டிலேயே நிறுத்தி வைக்கிறது.

சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு மதினியின் கல்யாணத்துக்கு மறுநாள், முற்றத்து வெயிலில் இரண்டு ஆச்சிகள் படுக்கை விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும், அந்த மதினி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் கண்டேன். அது எதற்கென்று புரிந்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் முன்பே உறவு கொண்டவர்களா என்று யோனிக்குள் விரல் நுழைத்துப் பார்த்துவந்த இரு விரல் சோதனையும் இதே நம்பிக்கையின் பிள்ளைதான். அதைத் தடை செய்யுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் அரசுக்கு உத்தரவிட்டது.

உங்கள் மாமியாரிடம் பேத்தியின் சடங்கை நினைவுபடுத்துங்கள். வழி அடைபட்டிருந்தால், ஊரைக் கூட்டித் தாய்மாமன் சீர் வாங்கிய அந்த நாளுக்குக் காரணமான உதிரம் எப்படி வெளியே வந்தது? மிக அரிதாகச் சில பெண்களுக்கு முழுதாக அடைத்திருப்பதுண்டு. அவர்களுக்கு உதிரம் உள்ளேயே தேங்கி, மாதாமாதம் வயிற்று வலி வந்து, அறுவை செய்துதான் திறந்துவிட வேண்டும். இதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் நின்ற வண்டி, டயரில் காற்று இருக்காது.